கை சார் காட்டிய ஆதாரங்கள்

கல்லூரியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு என் அத்தானைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பிறந்த தேதி, வாங்கிய பட்டம், வேலை பார்த்த ஆண்டுகள், மார்பளவு புகைப்படம் ஒன்று. கேட்டவர் அவருடைய பழைய மாணவர், இப்போது அங்கே முதல்வர். "நீங்க சாரோட மச்சினர். அவரைக் கேட்டா எழுத மாட்டேங்கறார். உங்களை விட்டா அவரைப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிறவனிடம் போய் ஒரு தத்துவ ஆசிரியரைப் பற்றி எழுதச் சொன்னது அவர் தப்பு. இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்கியிருந்தாலும் இதை அவர்கள் மலரில் போடப்போவதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். கல்லூரியில் அவருக்குக் 'கை சார்' என்று பெயர். வருடாவருடம் முதல் வகுப்பில் நாற்காலியில் உட்காராமல் வலது கையைத் தூக்கிக்காட்டி, "இது என் கை. இதுக்கு ஆதாரம் குடுங்க" என்பாராம். பிள்ளைகள் திருதிருவென்று முழிப்பார்கள். கண்ணால் பார்க்கிறோம் என்பான் ஒருவன். கனவிலும்தானே பார்க்கிறாய் என்று மடக்குவார். தொட்டுப் பார்க்கலாம் என்பாள் ஒருத்தி. அதையும் மடக்குவார். எல்லோரும் ஓய்ந்த பிறகு கையை இறக்கி, "குடுக்க முடியாது. குடுக்க வேண்டியதும் இல்ல. ஆதாரம் கேட்கிற அளவுக்கு இது சின்ன விஷயம் இல்ல. மத்த எல்லா ஆதாரமும் இது மேலதான் நிக்குது" என்று முடிப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து ஜன்னலோரம் நிற்பார்களாம். மறுநாளிலிருந்து பழையபடி ஏழெட்டுப் பேர்.

காமன்சென்ஸ்தான் அவர் பாடம். அவர் அதைப் 'பொதுப்புத்தி' என்பார். இருபத்தேழு வருடமாக அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். பழைய கிரேக்க ஞானி ஒருவர் சொன்னாராம்: கண் பார்க்கிறது, காது கேட்கிறது, மூக்கு முகர்கிறது, ஆனால் பார்த்ததும் கேட்டதும் முகர்ந்ததும் ஒரே பொருள்தான் என்று கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது, உள்ளே இன்னொன்று இருந்து அதையெல்லாம் சேர்க்கிறது. அந்தச் சேர்க்கிற புலன்தான் முதல் பொதுப்புத்தி. பிறகு ரோமாபுரிக்காரர்கள் அதை நாலு பேரோடு சேர்ந்து வாழ்கிற பக்குவம் என்றார்களாம். அதற்கும் வெகுகாலம் கழித்து ஒரு பாதிரியார் வந்து, எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற அறிஞர்களைப் பார்த்து, தெருவில் போகிறவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று கேட்டாராம். இதையெல்லாம் என் கடையில் திறந்து போட்ட கம்ப்ரஸர்களுக்கு நடுவே உட்கார்ந்து சொல்வார். எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதிக்குத் தலையாட்டுவேன்.

காமன்சென்ஸ் பற்றிப் புத்தகம் எழுதுகிற ஆளுக்கு அது மருந்துக்குக்கூட கிடையாது என்பது அக்காவின் நிரந்தரப் புகார். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவார். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவார். டீயில் சர்க்கரை போட்டோமா என்று யோசித்து யோசித்து மூன்று தடவை போடுவார். "இவருக்குக் கை இருக்குன்னு ஊருக்கே தெரியும். அதை வச்சு ஒரு வேலை செய்வாரான்னு மட்டும் கேட்காதீங்க" என்பாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பாயசம் மாதிரியான டீயைக் குடிப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வந்த வருத்தத்தை இரண்டு பேரும் எங்கே வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கையால் இணைப்புக் கொடுத்த காலம். அத்தான் வாராவாரம் வெளியூர் நூலகம் ஒன்றுக்கு ட்ரங்க் கால் போட்டு ஒரு புத்தகம் வந்ததா என்று கேட்பார். ஒன்றரை வருடம் அந்தப் புத்தகம் வரவில்லை. அதற்குள் அக்கா அவர் நம்பர் சொல்லும் முன்பே, "நூலகம்தானே? இருங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அவர் முகத்தை அவள் முதலில் பார்த்தது பெண் பார்க்க வந்த அன்றுதான். அவர் வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று கேட்டதும், சமையலறையிலிருந்தபடியே "நூலகம்!" என்று கத்திவிட்டாள். முகத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் இருக்கவில்லை. "குரலைத்தான் கட்டிக்கிட்டேன். மத்ததெல்லாம் கூட வந்தது" என்பாள்.

குரல் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு தடவை எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் விளையாட்டாகப் பெரிய அதிகாரி மாதிரி மாற்றிப் பேச, "சார், தொண்டை வலிக்கப்போகுது" என்று சொல்லி லைனைத் துண்டித்துவிட்டாள். முப்பது வருடத்தில் ஒரு குரலைக்கூட மாற்றி எடுத்ததில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு கர்வம்.

இரண்டு வருடம் முன்பு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை குழாயில் மோதியது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்தபோது நாங்கள் எல்லாம் கண்டம் கழிந்தது என்று மூச்சுவிட்டோம். பேச்சு தெளிவு, நடை தெளிவு. பக்கத்து வீட்டுக்காரி பெயர், கேஸ் புக் வைத்த இடம், என் கடை நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னாள். மூன்றாம் நாள் காலையில் அத்தான் டீ கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ். அவர் இன்னும் எழுந்திருக்கலையா?" என்றாள்.

"எவரு?"

"எங்க வீட்டுக்காரர்."

அத்தான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டீயைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தாள்.

டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். "முகம் அவங்களுக்குத் தெரியுது. கண்ணு, மூக்கு எல்லாம் அவர் மாதிரியே இருக்குன்னும் தெரியுது. ஆனா பார்த்ததும் 'இவர் நம்ம ஆளு'ன்னு உள்ள ஒண்ணு சொல்லணும் இல்ல? அடிபட்டதுல அந்தத் தொடர்பு போயிடுச்சு. அதனால யாரோ அவர் மாதிரியே வேஷம் போட்டு வந்திருக்காங்கன்னு மனசு முடிவு பண்ணிக்குது. ரொம்ப நெருக்கமானவங்க விஷயத்துலதான் இப்படி ஆகும். தயவுசெஞ்சு வாதம் மட்டும் பண்ணாதீங்க."

எனக்குப் புரிந்தது. கடையில் தினம் பார்க்கிறதுதான். மோட்டார் நல்லா இருக்கும், போர்டு நல்லா இருக்கும், நடுவில் ஒரு கனெக்டர் போயிருக்கும். அத்தானுக்கும் புரிந்தது, என்னைவிட நன்றாகவே. ஆனால் வாதம் பண்ணாதே என்று அவரிடம் சொல்வது, மீனிடம் நீந்தாதே என்பது போல. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆதாரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ், முதல் வருடம் எடுத்த போட்டோ, முழங்காலில் இருந்த சைக்கிள் தழும்பு, வராத புத்தகத்தின் பெயர், அவள் அம்மா சாகும்போது இவர் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாறு ஆதாரம் முடிந்ததும் அவள் நிதானமாகக் கேட்டாள்.

"நல்லா விசாரிச்சுத்தான் வந்திருக்கீங்க சார். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரா இருந்தா இத்தனை ஆதாரம் எதுக்கு எடுத்துட்டு வரணும்? உங்க கை உங்க கைதான்னு யார்கிட்டயாவது சர்டிபிகேட் காட்டியிருக்கீங்களா?"

அத்தான் கையிலிருந்த சான்றிதழை மடித்து வைத்தார். முப்பது வருடமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்புக்கு முந்தின நாள் அவளை உட்கார வைத்துத்தான் அந்தப் பாடத்தை ஒத்திகை பார்த்திருக்கிறார். ஒரு வரி விடாமல் அவளுக்கு மனப்பாடம். அவருடைய சொந்தப் பாடமே அவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அதன் பிறகு அவர் கூடத்தில் படுத்துக்கொண்டார். அவள் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து மருந்து வாங்கப் போன அத்தானுக்குச் சீட்டை வீட்டிலேயே விட்டது நினைவுக்கு வந்தது. மருந்துக்கடை வாசலிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். மாத்திரை பெயர் கேட்கத்தான். அவர் "நான்தான் பேசறேன்" என்றதும் மறுமுனையில் அக்கா வெடித்து அழுதாளாம்.

"எங்கங்க போயிட்டீங்க? இத்தனை நாளா ஒரு போன் கூடப் பண்ணாம!"

அவர் மருந்துக்கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஆள் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "என்னைத் தெரியுது மச்சான்! குரல்ல தெரியுது! கண்ணு வழிதான் அடைச்சிருக்கு, காது வழி திறந்திருக்கு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். டாக்டரிடம் கேட்டோம். முகம் கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டால் சிலருக்கு ஆள் தெரிவதுண்டு என்றார்.

அன்றிலிருந்து என் கடைதான் அவர் வெளியூர். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் வருவார். நான் வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஷட்டரைப் பாதி இறக்குவேன். ஒரு பழைய ஃபிரிட்ஜின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு மனைவியிடம் பேசுவார். கருத்தரங்கு, நூலகம், பழைய ஏட்டைப் பிரதி எடுக்கிறேன் என்று வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொல்வார். ஸ்பீக்கரில் போட்டுவிடுவதால் நானும் கேட்பேன்.

"இங்க ஒருத்தர் இருக்கார்ங்க. உங்க சட்டையைத்தான் போட்டிருக்கார். முதல்ல பயமா இருந்தது. இப்ப பார்த்தா பாவம், நல்ல மனுஷன் மாதிரிதான் தெரியுது."

"நல்லா பார்த்துக்கிறாரா?"

"உங்களை மாதிரி இல்ல. டீல சர்க்கரை ஒரே தடவைதான் போடறார். சாவியை மறக்கறதில்ல."

அவள் விழுந்த நாளிலிருந்து அவர் எதையும் மறப்பதில்லை. அந்த வயதில், அந்தப் பயத்தில், காமன்சென்ஸ் அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. அதுவும் அவருக்கு எதிரான ஆதாரமாகிவிட்டது. நான் வேறு பக்கம் திரும்பி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். தினம் இரண்டு தடவை அரைமணி நேரம் அவருக்கு மனைவி இருந்தாள், அவளுக்குப் புருஷன் இருந்தார். எத்தனை வீட்டில் அதுகூட இல்லை! ஆனால் அக்கா விடவில்லை. எப்ப வரீங்க, எப்ப வரீங்க என்று கேட்டவள், பிறகு நானே புறப்பட்டு வரேன் என்று பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள். ஒரு நாள் தெருமுனை வரை போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கூட்டிவந்தாள். இனி ஒரு தேதி சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலை.

அப்போதுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது. தூசி தட்டித் தன் கையெழுத்துப் பிரதியின் முதல் அத்தியாயத்தை எடுத்துவந்து ஃபிரிட்ஜ் மேல் விரித்தார்.

"பார் மச்சான். கண்ணு தனி, காது தனி. சேர்க்கிற இடம் உள்ள இருக்கு. அவளுக்குக் காதுல நான் இருக்கேன், கண்ணுல இல்ல. ரெண்டையும் ஒரே நேரத்துல குடுத்தா? போன்ல பேசிக்கிட்டே வாசல்ல நுழையறேன். காதுல கேட்கிற வார்த்தையும் கண்ணுல தெரியற உதடும் ஒண்ணா இருக்கும். சேர்ந்துதானே ஆகணும்?"

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். அத்தான்தான் புத்தகத்தில் மூழ்கிய ஆள். எனக்கு எங்கே போச்சு புத்தி? அறுந்த ஒயரின் இரண்டு முனையையும் தொட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. தொட்டால் சில சமயம் விளக்கு எரியும், சில சமயம் நன்றாயிருக்கிற போர்டும் சேர்ந்து எரிந்துபோகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், "செஞ்சு பாருங்க அத்தான்" என்று சொன்னவன் நான்தான். இதை எழுதுவதே அதை ஒப்புக்கொள்ளத்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை வருவதாக அவளிடம் சொன்னார். 'அந்த மனிதர்' வியாழக்கிழமையே ஊருக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி என் வீட்டில் தங்கினார். வெள்ளியன்று நான் முன்னதாகவே போய் அக்காவோடு உட்கார்ந்துகொண்டேன். தலை வாரி, இஸ்திரி போட்ட உடை உடுத்தி, கூடத்து நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் அடிபட்ட இடத்தில் முடி வளர்ந்து மறைத்திருந்தது. பழைய அக்காவாக இருந்தாள். பத்து மணிக்குப் போன் அடித்தது.

"எங்க வந்துட்டீங்க?"

"தெருமுனை."

"அப்புறம்?"

"பால் பூத் தாண்டிட்டேன்... நம்ம கேட்... திறக்கறேன்."

கேட் கிரீச்சிட்டது. ரிசீவரிலும் கிரீச்சிட்டது. அவள் எழுந்து நின்றாள். கதவு திறந்தது. காதில் போனோடு அத்தான் நின்றார். "வந்துட்டேன்" என்றார். அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்தும் அவள் கையிலிருந்த ரிசீவரிலிருந்தும் வந்தது.

அவள் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன். ஒரு கணம், அவ்வளவுதான். பிறகு அவள் ரிசீவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் ரிசீவரைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா போன்ல பேசினது நீங்கதானா?"

"நான்தான்! நான்தான்மா! எப்பவும் நான்தான்!" அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவள் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். "அப்ப அவர் எங்க?" என்றாள். "அவரை என்ன பண்ணீங்க?"

அவள் ரிசீவரைத் தாங்கியில் சத்தமில்லாமல் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "முப்பது வருஷம்டா தம்பி. ஒரு குரலைக்கூட நான் தப்பா எடுத்ததில்ல. அவர் குரலையே தப்பா எடுத்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் போனை எடுத்ததே இல்லை. அத்தான் என் கடையிலிருந்து பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் போட்டுப் பார்த்தார். மணி அடித்து அடித்து நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி அக்காவைப் பார்த்துக்கொள்ள, அவர் என் வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வாரம் போட்டார். ஒரு நாள் போனைக் கீழே வைத்துவிட்டு, "காது வழியையும் நானே அடைச்சுட்டேன் மச்சான்" என்றார். நான் ஷட்டரைத் தூக்கினேன். வேறு என்ன செய்ய?

என் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. அவளுக்கு வேளைக்குச் சாப்பாடு போடவும் மாத்திரை கொடுக்கவும் ஆள் வேண்டும். டாக்டரே சிபாரிசு செய்த ஆள் என்று சொல்லி, சம்பளத்துக்கு வந்தவர் போலத் தன் வீட்டுக்குள்ளேயே நுழைந்தார். அந்த வெள்ளிக்கிழமை ஆள்தானோ என்று அவள் முதலில் பயந்தாள், இவர் வேறு ஆள் என்று நான் சத்தியம் செய்த பிறகு பழகிவிட்டாள். அவருக்கு ஆதாரம் காட்டுகிற எண்ணம் சுத்தமாக விட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் பிரதியை என் கடையில் விட்டவர் திரும்பக் கேட்கவில்லை. அது இன்னும் அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்கிறது, எலி கடிக்காமல்.

ஒரு நாள் கேட்டேன், எப்படி அத்தான் தாங்குகிறீர்கள் என்று. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் கைன்னு இத்தனை வருஷம் தனியா நின்னு சொன்னதா நினைச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுல ஒருத்தி ஆமான்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கா. அவ நிறுத்தினதும் எனக்கே சரியா தெரியல மச்சான். காலையில கண்ணாடி பார்த்தா, இவன் யாரோ நல்லா வேஷம் போட்டிருக்கான்னுதான் தோணுது." இதைச் சிரிக்காமல் சொன்னார்.

போன மாதம் அக்கா என்னை வரச்சொன்னாள். கணவருடைய போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டவேண்டுமாம். எத்தனை நாள் காத்திருப்பது, மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டேன் என்றாள். மறைந்த தேதி என்ன போடுவது என்று கேட்டதற்கு, போன் நின்றுபோன அந்த வெள்ளிக்கிழமையையே போடச் சொன்னாள். போட்டோவைக் கடையில் கொடுத்துச் சட்டம் போட்டு வாங்கிவந்தது அத்தான்தான். எனக்கு உயரம் போதாது. ஆணி அடிக்க ஸ்டூலில் ஏறியதும் அவர்தான்.

அக்கா கீழே நின்று மேலே இடது பக்கம், கொஞ்சம் இறக்குங்க, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வலது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னபடி நகர்த்தினார். அவள் சற்றுத் தள்ளி நின்று படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அவருக்கும் கொஞ்சம் ஜாடை இருக்கு சார். யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லம்மா" என்றார் அத்தான்.

"அவரைப் பார்த்திருந்தா உங்களுக்குப் பிடிச்சிருக்கும்."

அவர் ஸ்டூலில் நின்றபடியே, தூக்கிய கையை இறக்காமல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போதும், கையை எடுங்க சார்" என்றாள் அக்கா. "நேராத்தான் இருக்கு."